வாடகைத் தோழிகள்

நான் வாழ்க்கையில் முதன்முதலாகச் செய்த வேலை, முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு உயிர்த் தோழியாக நிற்பது. சிரிக்க வேண்டாம், யாழ்ப்பாணத்தில் அந்த வேலைக்கு ஆள் தேவை இருக்கிறது. லண்டனிலோ நோர்வேயிலோ பிறந்து வளர்ந்த பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சாமத்தியச் சடங்கை ஊரில் வந்து செய்கிறார்கள். மண்டபம் எடுக்கலாம், சோடனை எடுக்கலாம், குதிரை வண்டி எடுக்கலாம், மேலே பறந்து படம் பிடிக்கிற ட்ரோனும் எடுக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இங்கே ஒரு சிநேகிதியும் இருக்க மாட்டாள். தோழிகள் இல்லாமல் வீடியோ வெறிச்சென்று கிடக்கும். அதனால் வாழைமரம், குத்துவிளக்கு, பூப்பந்தல் எல்லாவற்றோடும் தோழிகளும் ஒரே வான் வண்டியில் வந்து இறங்குவோம். ஏழு பேர். ஒரே நிறத்தில் பாவாடை தாவணி, கையில் ஆளுக்கொரு தட்டம், முகத்தில் பத்து வருடப் பழக்கம்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருந்த காலம் அது. என்னையும் என் சிநேகிதியையும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்த்தார்கள். ஒரே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி அவள் வீடு. முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். சின்ன வயதில் என் அப்பா இருவரையும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விடுவார். பெரியவர்களான பிறகு, ரியூசன் முடிந்து வந்து அவள் வீட்டுப் படலையில் நின்று “சரியடி, போட்டு வாறன்” என்று சொல்வேன். சொல்லிவிட்டு இன்னும் அரை மணித்தியாலம் அங்கேயே நின்று கதைப்பேன்.

சோடனைத் தொழில் நடத்திய அக்கா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்தார். முதல்நாள் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் உண்மையான சிநேகிதியளோ? நல்லதாப் போச்சு. சிரிப்பு இயற்கையா வரும்” என்றார். பிறகு ஒரு கண்டிப்பும் சொன்னார். “துடக்கு எண்டால் முதலே சொல்லிப்போட வேணும். மாதச் சுகமில்லை எண்டாலும் சொல்ல வேணும். மறைச்சுப்போட்டு வந்து தட்டம் தூக்கினால் என்ரை பேர்தான் கெடும்.”

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் அவருடைய தகப்பன் வழிச் சொந்தம் முழுவதுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. அவர்கள் கோயிலுக்குப் போவதில்லை, நல்ல காரியத்துக்குப் போவதில்லை. மற்றவர்கள் அந்த வீட்டில் வாய் நனைப்பதில்லை. மாதச் சுகமில்லை என்ற விஷயத்தில் நாங்கள் ஏழு பேருமே அந்த அக்காவுக்குப் பொய் சொன்னோம். நான் மட்டும் இரண்டு தடவை. ஒரு பிள்ளையும் அதனால் கெட்டுப்போனதாக எனக்குத் தெரியாது.

வீடியோ எடுக்கிற அண்ணை ஒருவர் இருந்தார். அவர் எங்களை நிறம் பார்த்து அடுக்குவார். “வெள்ளைப் பிள்ளையள் முன்னுக்கு வாங்கோ” என்பார், மரக்கறி தெரிந்தெடுப்பது மாதிரி. நான் முன்னுக்கு. சடங்குக்காரப் பிள்ளையின் வலது பக்கம், அவளுடைய காதில் எதையோ சொல்லிச் சிரிக்கிற இடம் எனக்கு. என் சிநேகிதி கறுப்பு. “தங்கச்சி, நீர் அந்த வாழைக்குக் கிட்ட நில்லும்” என்பார் அவளிடம். கிட்ட என்றால் பின்னுக்கு. வீடு திரும்பும்போது அவள் வானில் எல்லாரையும் சிரிக்கப் பண்ணுவாள். “இண்டைக்கு நான் வாழையோடை வாழையா நிண்டனான். பாதி ஆக்கள் எனக்கும் பொட்டு வைச்சுப்போட்டுப் போகினம்.”

நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளுக்குள் இனிப்பாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு நடந்தது ஒன்றும் உங்களுக்கு விளங்காது.

ஒரு சடங்கில் சேலை உடுத்துகிற பெண் வரவில்லை. கனடாவிலிருந்து வந்த பிள்ளை அலங்கார அறையில் பாதி உடுத்த சேலையோடு நின்று அழுதது. பதின்மூன்று வயதுப் பிள்ளை, பன்னிரண்டு முழப் பட்டும் தலை நிறையப் பூவும். தாய் ஒரு பக்கம் கத்துகிறார், அக்கா ஒரு பக்கம் கத்துகிறார். என் சிநேகிதி தட்டத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் அந்தப் பிள்ளையின் காலடியில் முழந்தாளில் இருந்தாள். “அழாதையும். மூச்சை நல்லா விடும். நான் இறுக்க மாட்டன்” என்றாள். கொசுவத்தை ஒவ்வொன்றாக மடித்து, வாயில் கவ்வியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினாள். பத்து நிமிடத்தில் பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தது. எங்கே பழகினாள் என்று எனக்கே தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்று அவளிடம் இருந்தது என்பதே எனக்கு முதலில் உறுத்தியது.

அன்றிலிருந்து அவளை அக்கா அலங்கார அறைக்குள் எடுத்துக்கொண்டார். தட்டம் தூக்குகிற நேரத்துக்கு மட்டும் வெளியே வந்து எங்களோடு நிற்பாள். வானில் முன் ஆசனத்தில் மேக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். முதல் சில நாட்கள் திரும்பித் திரும்பி என்னோடு கதைத்தாள். பிறகு களைத்துப்போய் அப்படியே நித்திரையாகிவிடுவாள். நான் பின்னுக்கு மற்ற ஐந்து பேரோடு, அவளுடைய தலை யன்னலில் முட்டி முட்டி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு வருவேன். முட்டட்டும் என்று நினைப்பேன்.

சீசன் முடிந்ததும் ஒருத்தியைத் தன்னோடு நிரந்தரமாக வைத்துத் தொழில் பழக்கப் போவதாக அக்கா சொல்லியிருந்தார். அவள் அதை என்னிடம் படலையில் வைத்துச் சொன்னாள்.

“எடி, எனக்குச் சோதினை சரிவராது. எழுதேக்கையே தெரியும். உது மட்டும் கிடைச்சுதெண்டால் எனக்குக் காணும். அப்பாவும் என்னைப் பற்றி யோசிக்க மாட்டார்.”

“உனக்குத்தானடி கிடைக்கும்” என்றேன்.

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. வாயாலை போயிடும்.”

எனக்கு அந்த வேலை தேவையே இல்லை. நான் கம்பஸுக்கு எடுபடுவேன் என்று ரியூசன் வாத்திமார் முதல் கடைக்காரர் வரை எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தேவையில்லாத ஒன்றை அவள் ஆசைப்பட்டாள், அவ்வளவுதான் விஷயம். அதைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆடி மாதத்தின் நடுவில் அவளுடைய சித்தப்பா பிரான்சில் செத்துப்போனார். அவள் அவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவளுடைய அப்பாவோடு காணிப் பிரச்சினையில் கோபித்துக்கொண்டு போனவர், இருபது வருடமாகக் கதை பேச்சு இல்லை. ஊரில் ஒருவருக்கும் அறிவிக்கவில்லை. அவளுடைய அம்மா மட்டும் சாமிப் படத்துக்கு விளக்கு வைப்பதை நிறுத்திவிட்டு, மீன் சமைப்பதையும் நிறுத்தினார். அடுத்தநாள் நான் போனபோது அவள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்.

“சித்தப்பா செத்திட்டாராம். எங்களுக்குத் துடக்கு. முப்பத்தொண்டு கழிய சீசனே முடிஞ்சிடும். நான் அக்காவுக்குச் சொல்லேல்லை. நீயும் சொல்லாதை.”

“எனக்கென்ன விசரே?” என்றேன்.

அவளுடைய அம்மா குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். வாசம் வந்தது. எனக்குப் பசி. “எனக்கும் போடுங்கோ” என்றேன். அம்மா திடுக்கிட்டுப் போனார். “வேண்டாம் பிள்ளை, துடக்கு வீடெல்லே. உங்கடை அம்மா அறிஞ்சால் என்ன நினைப்பா?” நான் சிரித்துக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பையை நானே எடுத்தேன். “உந்த விசர்க் கதையளை விடுங்கோ. ஆரோ பிரான்சிலை செத்ததுக்கு இஞ்சை பிட்டு என்ன பாவம் செய்தது?” பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அவளுடைய அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெறாமகள் மாதிரி என்று சொல்லி என் தலையைத் தடவினார். துடக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நோர்வேயிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் சடங்கு அதற்கு ஒரு கிழமை கழித்து நடந்தது. மண்டபம் பெரியது, கூட்டமும் பெரியது. ஆடியில் நல்ல காரியம் செய்யக் கூடாது என்பது உள்ளூர்க்காரருக்கு. வெளிநாட்டுக்காரருக்குப் பள்ளிக்கூட விடுமுறை எப்போது வருகிறதோ அப்போது நல்லநாள். பிள்ளை பெரியபிள்ளையாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று தாயே சொன்னார். அதற்கெல்லாம் ஐயர் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அந்தப் பிள்ளைக்கு என் சிநேகிதியைப் பிடித்துவிட்டது. உடுத்தி முடிந்ததும் அவளுடைய கையை விடவில்லை. “இவ எனக்குப் பக்கத்தில நிக்கணும்” என்று உடைந்த தமிழில் அடம்பிடித்தது. வீடியோ அண்ணை தலையைச் சொறிந்தார். பிறகு, காசு கொடுப்பவர்களின் பிள்ளை அல்லவா, என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, இண்டைக்கு மட்டும் நீர் வாழைப் பக்கம் போம்.”

நான் வாழைப் பக்கம் போனேன். கையில் அப்பிள் தட்டம். அங்கிருந்து பார்த்தால் அவளுடைய முதுகும், தாவணியில் குத்தியிருந்த ஊசியும்தான் தெரிந்தன. அவள் திரும்பி என்னைத் தேடினாள். கண்டதும் கண்ணைச் சிமிட்டி, “வாழை” என்று சத்தமில்லாமல் வாயசைத்தாள். பகிடிதான். அவள் தன்னைப் பற்றி விட்ட அதே பகிடி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆலாத்தி எடுக்க நின்ற மாமி ஒருவர், பிள்ளையின் தாய்மாமனின் மனைவி, என் பக்கத்தில் வந்து நின்றார். சடங்கில் தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதல் உரிமை, அந்த உரிமை அவருடைய நடையிலேயே இருந்தது. முன்னுக்குப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“அந்தப் பிள்ளை நல்ல வடிவா உடுத்தி விட்டிருக்கு. ஆற்றை பிள்ளை?”

நான் அவளுடைய அப்பாவின் ஊரைச் சொன்னேன். அப்பாவின் வேலையைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், மாமி போகத் திரும்பிவிட்டார். நான்தான் பின்னால் நின்று சொன்னேன்.

“பாவம் மாமி, அவளின்ரை சித்தப்பா பிரான்சிலை செத்து இண்டைக்கு எட்டு நாள்தான். அந்தக் கவலையோடையும் வேலைக்கு வந்திருக்கிறாள்.”

வாய் தவறி வந்தது என்று பிறகு பல பேருக்குச் சொன்னேன். எனக்கே பல தடவை சொன்னேன். வாய் தவறவில்லை. ‘பாவம்’ என்ற சொல்லைத் தேடி எடுத்து முன்னால் வைத்தவளுக்கு எப்படி வாய் தவறும்?

மாமியின் முகம் மாறியது. “தேப்பன்ரை தம்பியோ?” என்றார். “ஓம் மாமி” என்றேன். அவர் ஆலாத்தித் தட்டத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. அவளை அலங்கார அறைக்குள் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மாமி, பிள்ளையின் தாய், சோடனைக்கார அக்கா, வாசலில் எட்டிப் பார்க்கிற இரண்டு மூன்று சொந்தக்காரர்கள்.

“உமக்குத் துடக்கோ?” என்று மாமி கேட்டார்.

அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கணமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“ஓம்” என்றாள்.

மாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. தாழ்ந்த குரலில், சுத்தமான சொற்களில் பேசினார். பெற்ற பிள்ளைக்கு நல்லது செய்ய ஐயாயிரம் மைல் பறந்து வந்தவர்களின் சடங்கில் செத்தவீட்டைக் கொண்டுவந்து கலந்துவிட்டாள் என்றார். நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒன்று நடந்தால் நீரோ பதில் சொல்வீர் என்றார். உம்மை வளர்த்தவைக்கு இது தெரியாதோ என்றார். ஆடியில் சடங்கு வைத்த மாமி அப்படியெல்லாம் சொன்னார். பிள்ளை உடுத்திய பட்டைக் கழற்றித் திரும்பவும் முழுக வைக்க நேரமில்லை, நல்ல நேரம் முடியப்போகிறது. ஆகவே ஐயரைக் கேட்டு, நின்றபடியே பிள்ளையின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அறைக்கும் தெளித்தார்கள். நோர்வேப் பிள்ளை என்ன நடக்கிறதென்று விளங்காமல் அழத் தொடங்கியது.

திடீரென்று மாமி என் பக்கம் திரும்பினார். “நீர் உவவின்ரை சிநேகிதியெல்லே? இந்த எட்டு நாளுக்குள்ளை உவையின்ரை வீட்டை போய்ச் சாப்பிட்டனீரோ?”

“இல்லை மாமி” என்றேன். அது போதும் என்று அவர்கள் விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. “நான் துடக்கு வீட்டிலை தண்ணியும் குடிக்கிறேல்லை.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு சொல், பிட்டு என்ற ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் நானும் அவளோடு வெளியே போயிருப்பேன். அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அவ்வளவுதான். நான் அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு வந்தது வெட்கம் அல்ல, ஆறுதல்.

பாவாடை தாவணி அக்காவுடையது என்பதால் கழற்றித் தரச் சொன்னார்கள். அவள் மறைப்புக்குப் பின்னால் போய்த் தன்னுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். கழற்றிய துணியை அக்கா கையால் தொடாமல் ஒரு ஷொப்பிங் பையைத் திறந்து பிடித்தார், அவள் அதற்குள் போட்டாள். முன்வாசலால் போக வேண்டாம், சமையல் பக்கத்தால் போகச் சொன்னார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். ஆறு தட்டம் ஆகாது, ஒற்றைப்படை வேண்டும் என்று இன்னொரு பிள்ளையையும் இருத்திவிட்டு ஐந்தாக்கினார்கள். வீடியோ அண்ணை என்னை முன்னுக்குக் கூப்பிட்டார்.

அழுதுகொண்டிருந்த பிள்ளையைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். கட்டிப்பிடித்தேன். அந்தத் துண்டை அவர் மெதுவாக ஓடவிட்டு, மேலே பாட்டுப் போட்டு, இணையத்தில் வெளியிட்டார். தோழியைப் பிரிய முடியாமல் அழுகிற பிள்ளை என்று ஆயிரம் பேர் கீழே எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, நான் பிட்டுச் சாப்பிட்டதை அவள் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லைத்தானே என்று பார்க்கப் போனேன். அவள் படலைக்கு வந்தாள், திறக்கவில்லை.

“வாய் தவறிப்போச்சடி” என்றேன்.

“ஓம்” என்றாள். “அம்மா படுத்திருக்கிறா.”

அவ்வளவுதான் கதைத்தோம். சீசன் முடிந்ததும் அக்கா நிரந்தர வேலையை எனக்குத் தருவதாகச் சொன்னார். எனக்கு நேரமில்லை என்றேன். பரீட்சை முடிவு வந்தது, நான் கம்பஸுக்கு எடுபட்டேன், அவள் சொன்னபடி அவளுக்குச் சரிவரவில்லை. துடக்கோடு தட்டம் தூக்கினவள் என்ற கதை மண்டபத்துக்கு மண்டபம் போயிருந்தது, வேறு சோடனைக்காரர் எவரும் அவளை எடுக்கவில்லை. பட்டணத்தில் ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நின்றாள். அங்கே வேலை செய்பவர்கள் நாள் முழுக்க உட்காரக் கூடாது. நான் அந்தக் கடைக்குப் போவதில்லை. அந்தத் தெருவில் பஸ் போகும்போது மறுபக்க யன்னலைப் பார்ப்பேன்.

நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது அப்பா நெஞ்சுவலியில் செத்துப்போனார்.

அவளும் அவளுடைய அம்மாவும் ஐந்தாம் நாள் வந்தார்கள். அவள் மெலிந்திருந்தாள். என் அம்மாவின் பக்கத்தில் பாயில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொய் அழுகை இல்லை. எங்கள் இருவரையும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிய மனிதர் அல்லவா. அவள் அழுவதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது. நாலு வருடமாக நான் எதற்கு ஏங்கினேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குசினிக்கு ஓடிப்போய் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். செத்தவீட்டில் வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கொடுத்தேன். அவள் வாங்கிக் குடித்தால் போதும்.

“குடியடி” என்றேன்.

அவள் செம்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், அலங்கார அறையில் பார்த்த அதே பார்வை. குரலில் கோபம் ஒன்றுமில்லை.

“நான் துடக்கு வீட்டிலை தண்ணியும் குடிக்கிறேல்லை.”

பக்கத்தில் இருந்த என் மாமி என்னைத்தான் ஏசினார். “பார், அந்தப் பிள்ளைக்கு முறை தெரியுது. கம்பஸிலை படிக்கிறாய், உனக்குத் தெரியேல்லை. கொண்டுபோய் வை உள்ளுக்கை.”

நான் செம்போடு அப்படியே நின்றேன். அவள் என் அம்மாவின் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துவிட்டு எழும்பினாள். செத்தவீட்டிலிருந்து போகிறவர்கள் ‘போட்டு வாறன்’ என்று சொல்வதில்லை. அவளும் சொல்லவில்லை.